ருஷ்யர்களுக்காக எடுத்த முடிவு

ஓடென்ஸ் துறைமுகம்,
டென்மார்க்,
8.1.1996

சரோஜம்,

சுகம் விசாரிக்கிற வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். சத்தியதாஸ் எழுதிய கடிதம் நேற்று கம்பெனி ஏஜெண்ட் மூலம் என் கைக்கு வந்தது. வாசித்த பிறகு இயந்திர அறைக்கு இறங்கிப்போக மனம் வரவில்லை. கட்டிலிலேயே கிடந்தேன்.

தம்பி எழுதியதை அப்படியே கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பனச்சமூடு வாயனசாலையில், புத்தகம் வைத்திருக்கிற அறைக்கு மேல் மாடியில் ஒரு ஊமைப்படம் போட்டார்களாம். டென்மார்க் படமாம். ஒரு போதகரின் மனைவி சர்க்கஸ்காரனோடு ஓடிப்போகிற கதையாம். அந்தப் படத்துக்கு நீ நம்முடைய சபையின் கால் ஆர்மோனியத்தை வைத்து வாசித்தாயாம். சபை மக்களில் பாதிப்பேர் பார்த்திருக்கிறார்கள். அம்மை தலைகாட்ட முடியாமல் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

நம் பிள்ளை சானு போன பிறகு இனி ஆர்மோனியத்தைத் தொடமாட்டேன் என்று சொன்னவள் நீ. போதகர் வீட்டுக்கே வந்து கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டுமாவது வாசி என்றார். முடியாது என்றாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். கர்த்தருக்கு வாசிக்க முடியாத கைக்கு சினிமாவுக்கு வாசிக்க எப்படி முடிந்தது?

நான் வேலை செய்கிற கப்பலும் இந்த நாட்டுக் கப்பல்தான். என்னோடு இருக்கிற இரண்டாம் இன்ஜினியர் ஹெனிங், அறுபதை நெருங்கிய மனிதர், இங்கத்துக்காரர். அவரிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் டென்மார்க் படங்கள் உலகம் முழுவதும் ஓடினவாம். இப்போது இங்கே உள்ளவர்களுக்கே அது தெரியாது, உன் ஊரிலா காட்டினார்கள் என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

நடந்தது என்ன என்று நீயே எழுது. இயந்திரம் மாற்றுகிற வேலை நடப்பதால் மே மாதம் வரை கப்பல் இங்கேதான் கிடக்கும்.

கனகதாஸ்

*

காரக்கோணம்,
27.1.1996

அன்புள்ள அத்தான்,

பெயருக்கு முன்னால் அன்பைப் போடாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. நான் போட்டுத்தான் எழுதுகிறேன்.

கொழுந்தன் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் விட்டுப்போனது உண்டு.

மோகனன் சாரை உங்களுக்குத் தெரியும். சானுவுக்கு இரண்டாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அடக்கத்தன்று மழையில் குடையில்லாமல் கடைசிவரை நின்றவர். அவரும் சில வாலிபர்களும் சேர்ந்து பனச்சமூட்டில் பிலிம் சொசைட்டி நடத்துகிறார்கள். சினிமா பிறந்து நூறு வருடம் ஆகிறதாம். அதற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பழைய டென்மார்க் படத்தைப் பெட்டியில் வாங்கி வந்திருந்தார்கள். முதல் உலக யுத்தத்துக்கு முன்னால் எடுத்தது. அப்போதெல்லாம் தியேட்டரில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே பியானோ வாசிப்பாராம். சார் நம் முற்றத்தில் நின்றே கேட்டார்.

"சேச்சி, படத்துக்கு வாய் கெடையாது. நீங்க வாசிச்சாத்தான் அதுக்கு ஒரு சத்தம் உண்டு."

மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. திரும்பிப் போகும்போது நான்தான் கூப்பிட்டு, கதை என்ன என்று கேட்டேன்.

நீங்களும் கேளுங்கள். கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு போதகர், அவர் மனைவி, ஒரு பெண்பிள்ளை. ஊருக்கு சர்க்கஸ் வருகிறது. அதில் குதிரை ஓட்டுகிறவனோடு அவள் போய்விடுகிறாள். பிள்ளைக்கு நோய் என்று கேள்விப்பட்டுப் பனியில் நடந்தே திரும்பி வருகிறாள். போதகர் கதவைத் திறக்கவில்லை. வேலைக்காரி திறந்துவிடுகிறாள். தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் விழுகிறாள். கொழுந்தன் சர்க்கஸ்காரனோடு கதையை நிறுத்திவிட்டார். அவர் பாதியில் எழும்பிப் போனவர்.

படத்துக்கு இரண்டு முடிவு உண்டு. ருஷ்யாவில் உள்ளவர்களுக்குச் சோகமான முடிவுதான் பிடிக்கும் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் அவர்களுக்கென்று தனியாக ஒன்று எடுப்பார்களாம். மற்ற நாடுகளுக்கு நல்ல முடிவு. இந்தப் பெட்டியில் இரண்டும் இருந்தது. முதலில் பிள்ளை கண் திறந்து பிழைக்கிறது. கொஞ்ச நேரம் திரை கறுப்பாக ஓடியபின், அதே கட்டில், அதே பிள்ளை, ஆனால் போய்விடுகிறது. இதைச் சொல்லும்போது சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரும்போது நீங்கள் எழும்பிப் போய்விடலாம், அது சத்தமில்லாமல் ஓடட்டும் என்றார்.

இரண்டுக்கும் வாசிக்கிறேன் என்று சொன்னேன்.

சபையில் கீபோர்டு வாங்கிய பிறகு ஆர்மோனியம் ஓய்வுநாள் பள்ளி அறையில் தூசி பிடித்துக் கிடந்தது. செயலரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் அதை ஜீப்பில் ஏற்றினார்கள். ஓடிப்போகிற இடத்தில் விசிலடித்தவர்கள் உண்டு. கடைசியில் யாரும் விசிலடிக்கவில்லை.

மாமியைப் போகவேண்டாம் என்று சொன்னேன். துணியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சரோஜம்

*

ஓடென்ஸ்,
19.2.1996

சரோஜம்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டுக்கும் வாசிக்கிறேன் என்று சொன்னேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எழும்பிப் போகலாம் என்று அந்த சாரே சொல்லியிருக்கிறார். நீயாகத்தான் இருந்தாய்.

நம் பிள்ளை கிடந்ததுபோல ஒரு பிள்ளை திரையில் கிடக்கிறது. அதை டிக்கெட் எடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு நீ பாட்டு வாசித்தாய். சானுவின் அடக்கத்தில் உன்னால் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில்கூட வரமுடியவில்லை என்று அம்மை சொன்னாள். அப்படியிருக்க ஒரு சினிமாப் பிள்ளைக்கு எதற்கு?

எனக்குத் தந்தி வந்தபோது கப்பல் பசிபிக் நடுவில் நின்றது. கேப்டன் மேலே கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். வாசித்தேன். கீழே இறங்கி மறுபடியும் வேலையைச் செய்தேன். நீந்தியா வரமுடியும்? அன்றிலிருந்து இன்றுவரை நான் அதை யாரிடமும் பேசியதில்லை. உன்னிடமும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். நீ அதை வெள்ளைத்துணி கட்டி ஊருக்குக் காட்டிவிட்டாய்.

சபைக் கமிட்டியில் விஷயம் வந்திருப்பதாகத் தம்பி எழுதியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பி நின்று, செய்தது தப்பு என்று சொல்லிவிடு. அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். உனக்கு அதுவும் முடியாது என்றால், லீவில் வரும்போது அம்மை இருக்கிற வீட்டில்தான் நான் இறங்குவேன்.

கனகதாஸ்

*

காரக்கோணம்,
10.3.1996

அன்புள்ள அத்தான்,

கமிட்டியில் என்னைக் கூப்பிட்டார்கள். செயலர் நல்லபடியாகத்தான் பேசினார். "ஒரு வார்த்த, தெற்றிப்போச்சுண்ணு சொல்லிரு மக்கா. அதோட தீந்துது காரியம்" என்றார். எது தெற்று என்று கேட்டேன். ஆர்மோனியம் எடுத்ததா? அதற்கு அவர்தான் சம்மதம் தந்தார். படம் போட்டதா? அது நானல்ல. படத்தில் போதகர் மனைவி ஓடிப்போனதா? வாசித்தது தெற்றென்றால், எந்தப் பாகத்துக்கு வாசித்தது? கடைசியில், மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தில் அப்பம் வாங்கப் பந்திக்கு வரக்கூடாது என்று தீர்மானித்துச் சொன்னார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

நீங்கள் எந்த வீட்டில் இறங்குவது என்பது உங்கள் இஷ்டம். நான் வழிமறிக்கமாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒன்றை எழுதிவிடுகிறேன். நீங்களாகக் கேட்பீர்கள் என்று இவ்வளவு காலம் காத்திருந்தேன். ரப்பர் வெட்ட ஆள் வந்தானா என்று கேட்டீர்கள். கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்டீர்கள். லீவில் வந்தபோது கல்லறைத் தோட்டத்துக்கு எல்லோரோடும் போனீர்கள், ஜெபம் முடிந்தது, வீட்டுக்கு வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள். சானு எப்படிப் போனாள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் காய்ச்சல் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள், யார்மேலும் எனக்குக் குறையில்லை. கடைசி நாள் மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார்கள். மேலே சுற்றுகிற ஃபேனுக்கு ஒரு முழங்குகிற சத்தம் உண்டு. சானு கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, அப்பாக்க கப்பல் வந்தாச்சு. இஞ்சின் சத்தம் கேக்குது. கதவத் தொற."

சாரல் அடிக்கும் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தேன். எழும்பிப் போய்த் திறந்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. நனைந்த குடைகளை விரித்து வைத்திருந்தார்கள். நான் அங்கிருந்தே, "அப்பா வெளிய காலுல இருந்து செருப்ப ஊருகாரு மக்கா, இப்ப வாறாரு" என்று சொன்னேன். சானு சிரித்தாள். நான் கட்டில் பக்கம் வந்து சேர்ந்தபோதும் அந்தச் சிரிப்பு இருந்தது. அவள் இல்லை.

இதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியிடம்கூட வரவில்லை. சமாதானமாகப் போனாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அந்தப் படத்தில் பேச்சு வருகிற இடங்களில் திரையில் எழுத்துப் போடுவார்கள். ஆனால் பிள்ளை போகிற இடத்தில் எழுத்தே இல்லை. அந்தத் தாய் குனிந்து ஏதோ சொல்கிறாள். உதடு அசைகிறது, அவ்வளவுதான். என்ன சொல்கிறாள் என்று அந்த மாடியில் இருந்த யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று தோன்றியது. அதை வாசித்தேன். வாயால் சொல்ல முடியாததை, இருட்டில், அத்தனை பேர் நடுவில் இருந்து சொன்னேன். அதன் பிறகுதான் என்னால் வீட்டில் அவளுடைய துணிப்பெட்டியைத் திறக்க முடிந்தது.

இது தெற்று என்று சபையில் எழும்பி நின்று சொல்ல என்னால் ஆகாது.

சரோஜம்

*

ஓடென்ஸ்,
30.3.1996

அன்புள்ள சரோஜம்,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத இருந்தேன். தேதியைப் போட்டேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. வேலையிலும் கை ஓடவில்லை. என்ன விஷயம் என்று ஹெனிங் கேட்டார். நான் பொதுவாக யாரிடமும் வீட்டுக்காரியம் பேசுகிறவன் அல்ல, உனக்குத் தெரியும். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சானு சொன்னதையும் சொன்னேன்.

அவர் மறுநாள் கோபன்ஹேகனில் பழைய படங்களைப் பாதுகாத்து வைக்கிற இடத்துக்கு போன் செய்து விசாரித்தார். அந்தப் படம் அங்கே இருந்தது. லீவு எடுத்து என்னைக் கூட்டிப்போனார். இங்கே வழியில் கடல் வந்தால் ரயில் அப்படியே ஒரு கப்பலுக்குள் ஏறிவிடுகிறது. அக்கரை போய் இறங்கி மறுபடி தண்டவாளத்தில் ஓடுகிறது. போகும் வழி முழுக்க, எதற்குப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அங்கே திரையெல்லாம் கிடையாது. ஒரு மேசை, அதில் கையகலக் கண்ணாடி. நரைத்த தலையோடு ஒரு அம்மாள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு படச்சுருளை மாட்டி ஓட்டினார். வாசிக்க ஆள் இல்லை. இயந்திரத்தின் கிறுகிறுப்பு மட்டும்தான்.

நல்ல முடிவு ஓடியபோது என் மனம் அங்கே இல்லை. இரண்டாவது வந்தது. இங்குள்ள சுருளில் அது கதவு தட்டுகிற இடத்திலிருந்தே ஓடியது. பார்க்கிறவர்கள் எல்லோரும் தாயைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. நான் அந்தப் போதகரைப் பார்த்தேன். வெளியே பனியில் அவள் கதவைத் தட்டுகிறாள். அவர் உள்ளே, கதவுக்குப் பக்கத்திலேயே, கையில் விளக்கோடு நிற்கிறார். தாழ்ப்பாள் கைக்கெட்டுகிற தூரம். தொடவில்லை. வேலைக்காரி வந்து திறக்கிறாள். அதற்குப் பிறகும் அவர் அங்கேயே நிற்கிறார். பிள்ளை போய்விடுகிறது. அப்போதும் அறைக்குள் வரவில்லை. கெட்ட மனிதன் என்று சொல்ல முடியவில்லை, சரோஜம். உள்ளே வர அவருக்குத் தெரியவில்லை.

அந்த மேசையில் ஒரு பிடியைத் திருப்பினால் படம் பின்னாலும் ஓடும். ஹெனிங் ஏதோ கேட்டார், அதைக் காட்ட அந்த அம்மாள் பிடியைத் திருப்பினார். போன பிள்ளை கண்ணைத் திறந்தது. நிறுத்துங்கள் என்றேன். தமிழில்தான் சொல்லியிருப்பேன். அவருக்குப் புரிந்தது. நிறுத்தினார். இரண்டுபேரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்கள். தந்தி வந்த நாளில் அழாததை அங்கே அழுதேன்.

அப்பா செருப்பைக் கழற்றுகிறார் என்று அவளிடம் சொன்னாயே. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் அந்த இடத்தில் இருந்திருக்கமாட்டேன். இருந்தேன் என்று அவள் நினைத்துப் போனாள். அதை எனக்கு நீதான் தந்தாய்.

அந்த இடத்தில் நீ என்ன வாசித்தாய்? எழுது.

கனகதாஸ்

*

காரக்கோணம்,
16.4.1996

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. தபால்காரரைக் கண்டதும் மாமிதான் இறங்கிப்போய் வாங்கினார்கள். ஆமாம், மாமி இங்கே இருக்கிறார்கள். அதை முதலில் சொல்கிறேன்.

உங்களுக்கு எழுதிய பிறகு, மாமியிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். கொழுந்தன் நடையிலேயே நின்றார், உட்காரச் சொல்லவில்லை. மாமி அடுக்களையில் இருந்தார்கள். அங்கே தரையில் உட்கார்ந்து, சானு சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். மாமி, "நான் அன்னைக்கு கீழ கஞ்சிக்கு வரியில நிண்ணேன்" என்று மட்டும் சொன்னார்கள். அவர்களுக்கும் அது அவ்வளவு காலம் உள்ளே கிடந்திருக்கிறது. நான் எழும்பி வந்துவிட்டேன்.

ஈஸ்டர் அன்று கோயில் நிறைந்திருந்தது. திருவிருந்துக்குப் பெண்கள் பக்கம் வரிசை வரிசையாக எழும்பிப் போனார்கள். என் வரிசையும் எழும்பியது. நான் இருந்தேன். முன்னால் போகிறவர்களுக்குக் காலை ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டு, தனியாக இருப்பது லேசான காரியமல்ல. பாட்டுப்புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் கொழுந்தன் வீட்டாரோடு இருந்த மாமி.

பந்திக்கு ஆள் அனுப்புகிற மூப்பர் மாமியிடம், தங்கபாயம்மா உங்கள் பந்தி போகிறது என்று வந்து கூப்பிட்டார். மாமி குரலைத் தாழ்த்தவில்லை.

"இவ போவாத பந்தியில எனக்கு என்ன காரியம் மோனே? நீ போ."

மூப்பர் போதகரைப் பார்த்தார். போதகர் எங்களைப் பார்த்தார். அப்பத்தட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். ஆராதனை முடிந்ததும் மாமி என்னோடேயே நடந்து வந்தார்கள். துணியைக் கொழுந்தன் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். காப்பி போட்டுக்கொடுத்தேன், குடித்தார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதல் முடிவுக்கு நம் ஞானப்பாட்டு மெட்டுகளில் ஒன்றைத்தான் வாசித்தேன். இரண்டாவதற்கு, சானுவின் அடக்கத்தில் பாடிய கீர்த்தனையை வாசிக்கலாம் என்று நினைத்து வைத்திருந்தேன். கட்டில் வந்ததும் கை அதற்குப் போகவில்லை. இடது கையால் அடிச்சுரம் ஒன்றை மட்டும் அழுத்திப் பிடித்து, காலால் மெல்ல மிதித்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் கப்பல் வருகிற சத்தம்போல. பிள்ளை போன பிறகும் விடவில்லை. தாய் வெளியே இறங்கிப் பனியில் நடந்து, திரையில் ஒரு புள்ளியாகும் வரை அந்த ஒரே சுரம்தான். முடிந்ததும் விளக்குப் போட்டார்கள். யாரும் கைதட்டவில்லை. மோகனன் சார் வந்து ஆர்மோனியத்தின் மூடியை அவரே சாத்தினார்.

அந்தப் போதகரைப் பற்றி நீங்கள் எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவன அந்தக் கதவுகிட்ட நிக்க விட்டது நம்மளும்தான்" என்றார்கள். யாரைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

சரோஜம்

*

ஓடென்ஸ்,
4.5.1996

அன்புள்ள சரோஜம்,

கப்பல் இந்த மாதம் பதினெட்டாம் தேதி தண்ணீரில் இறங்குகிறது. நான் அதில் போகவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் உண்டு. ஆனாலும் கேட்டுப் பார்த்தேன். ஹெனிங்கும் எனக்காகப் பேசினார். சம்மதித்துவிட்டார்கள். மாதக் கடைசியில் திருவனந்தபுரத்தில் இறங்குவேன். நேராக நம் வீட்டுக்குத்தான் வாறேன்.

வந்த அன்றே கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். எல்லோரையும் கூட்டவேண்டாம். நீயும் நானும் போவோம். நீ எழுதியதை நான் வாசித்துத்தான் இருக்கிறேன், காதால் கேட்கவில்லை. அங்கே வைத்து எனக்குச் சொல்.

நேற்று சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அது வந்து சேர்ந்ததும் ஊரில் பேச்சு வரும். உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக அதில் எழுதியதை இங்கே எழுதுகிறேன்.

"ஐயா, என் மனைவி சரோஜம் இசை வாசித்த படத்தை நானும் இந்த நாட்டில் பார்த்தேன். தற்செயலாகப் பார்க்கவில்லை. ரயில் ஏறிப் போய், கேட்டு வாங்கி, இரண்டு முடிவையும் பார்த்தேன். பார்த்ததற்காக நான் வருந்தவில்லை. அவள் வாசித்ததற்காக வருந்த வேண்டும் என்று நான் முன்பு அவளுக்கு எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்த தீர்மானத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். அவளைச் சேர்க்கிற அன்று என்னையும் சேர்த்தால் போதும்."

அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. போதகர் நல்ல மனிதர், ஆனால் கமிட்டி அவருக்குக் கட்டுப்பட்டதல்ல. வருடக்கணக்கில் இழுத்தாலும் இழுக்கட்டும்.

நம் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் வந்த பிறகு வருகிற முதல் ஞாயிறு, பந்தி தொடங்கும்போது நான் எழும்பி உங்கள் பக்கம் வந்துவிடுவேன். அம்மையிடம் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல். உங்கள் இரண்டுபேருக்கும் நடுவில் எனக்கு இடம் வேண்டும்.

கனகதாஸ்